வங்குரோத்தாகவும் ஒரு வழி வேணும்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டப்போவதில்லை, கடன் தந்தவர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை நிறுத்திவைக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். ஜூலை 5ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, வங்குரோத்தான ஒரு நாடாகத்தான் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசுகிறோம் என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார். பிறகு 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் உதவி, 2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளோடு உடன்பாடு, 2024 டிசம்பரில் பிணைமுறிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டரை வருஷத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலம் முழுக்க யாரும் திறைசேரி வாசலில் மோட்டார்சைக்கிளை நிப்பாட்டிவிட்டு, "இன்னைக்குத் தவணை தந்தாத்தான் போவேன்" என்று குந்திக்கொண்டு இருக்கவில்லை.

நாட்டுக்கு அப்படியோர் அவகாசம் கிடைத்ததில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. கட்ட ஏலாதவனிடம் கட்டு கட்டு என்று நின்றால் ரெண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது, அதனால்தான் உலகத்தில் அப்படியொரு வழியை வைத்திருக்கிறார்கள். என் கேள்வி வேறு. கற்பிட்டியிலோ உடப்பிலோ முந்தலிலோ இருக்கிற ஒரு மனிதர், "எனக்கும் ஏலாது, எல்லாக் கடனையும் ஒன்றாக வைத்துப் பேசுவோம்" என்று சொல்ல நினைத்தால், அவர் எங்கே போய்ச் சொல்ல வேண்டும்?

சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். புத்தளத்திலும் இருக்கிறது, சிலாபத்திலும் இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால்தான் சிரிப்பு வரும். 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, கடனிறுக்க வகையற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம். இலங்கையில் ரயில் ஓடுவதற்கு முந்தைய சட்டம். இலங்கை வங்கி 1939இல்தான் தொடங்கியது, அதற்கு 86 வருஷம் முன்னாடி எழுதியது. கடன்பட்டவரே மனுப்போடலாம், அவரிடம் இருப்பதை நீதிமன்றம் நியமிக்கிற ஒருவர் பொறுப்பெடுப்பார், கடன் கொடுத்த எல்லாரையும் கூப்பிட்டுப் பங்கிடுவார்கள், கடைசியில் நீதிமன்றம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். அந்தச் சான்றிதழிலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தரம் இருந்தது. தவிர்க்க ஏலாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு, தன் போக்கால் விழுந்தவருக்கு மூன்றாம் வகுப்பு. ரயில் வரமுன்னமே டிக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போல.

பழைய வர்த்தமானிகளைப் புரட்டினால் இந்த மனுக்களின் அறிவித்தல்கள் பெயர் ஊர் தொழிலோடு வரிசையாக வரும். அந்தக் காலத்தில் யாவாரிகள் இதைப் பாவித்திருக்கிறார்கள். இன்றைக்கு எங்கட பக்கத்தில் மீன்பிடிக்கிற ஒருவரோ, கிழமைக்கடனில் மாட்டிய ஒரு ராத்தாவோ இந்தச் சட்டத்தைப் பாவித்ததாக ஒருத்தரும் கதைத்து நான் கேள்விப்படவில்லை. தமிழ்நாட்டில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்ற பேச்சாவது இருக்கிறது. யாராவது நொடித்துப்போனால் அங்கே சினிமாவில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நம்ம பேச்சில் "வங்குரோத்து" என்ற சொல் இருக்கிறதே தவிர, அது ஒரு வசவு. அரசியல்வாதியைத் திட்டப் பாவிப்போம். வங்குரோத்து என்பது போய்க் கேட்டு வாங்கக்கூடிய ஒரு பாதுகாப்பு என்ற எண்ணமே நமக்கு இல்லை.

அப்படியானால் இங்கே கடன் முற்றிப்போனவருக்கு உண்மையில் என்ன நடக்கிறது? நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய பங்கீடு அவருடைய பாஸ்புக்கில் நடக்கிறது. அதுவும் நியாயம் பார்த்து நடப்பதில்லை, யார் கை முதலில் எட்டுதோ அவருக்கு.

கண்டக்குழியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இப்படி நாலு வீடு தெரிந்திருக்கும். நானா ஃபைபர் போட்டில் போகிறவர். என்ஜினுக்கு வங்கியில் எடுத்த லோன் ஒன்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே ராத்திரியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கா? ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று பார்த்தாலும் 1,740 ரூபாய் இருந்த இடத்தில் 6,800. மீன் விலை அப்படி ஏறவில்லை. கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் லோன். அதே வருஷம் ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க ராத்தாவின் பெயரில் ரெண்டு கிழமைக்கடன். அதை அடைக்க நகை அடகு. ஓட்டோவுக்கு லீசிங். மாமியின் மகனிடம் கைமாற்று. கடைக் கொப்பியில் அரிசி, பருப்பு, பால்மா.

(கடல்காரர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இறால் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது முந்தல், சிலாபம் பக்கம் குளம் குளமாக இறால் செத்தது. குளம் வெறுமையானாலும் வங்கிக் கடன் வெறுமையாகாது.)

கிழமைக்கடனின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. 50,000 ரூபாய் எடுத்து, கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. "வட்டி 30 சதவீதம்தான் ராத்தா" என்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது, வருஷம் முழுக்க 50,000 உங்கள் கையில் இல்லை. அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வருஷ வட்டி 54 சதவீதம், வட்டிக்கு வட்டியாகப் பார்த்தால் 71. 2018இல் இங்கே வந்து பார்த்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரைக்கும் போவதாகச் சொன்னார்.

இனி ராத்தாவின் கணக்குக்கு வருவோம். தங்கச்சி குவைத்தில் வேலை செய்கிறாள். மாதம் 40,000 ரூபாய் அனுப்புகிறாள், ராத்தாவின் சேமிப்புக் கணக்குக்கு. அந்தக் கணக்கு, நானாவின் என்ஜின் லோன் இருக்கிற அதே வங்கியில். ராத்தா அந்த லோனுக்குப் பிணையாளர். லோனில் நிலுவை 36,000. பணம் விழுந்த அன்றே 36,000 கழிந்து, மிச்சம் 4,000. தங்கச்சிக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது, அவர் மாதக் கடைசியில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவார். கிழமைக்கடன் சேர் செவ்வாய்க்கிழமை வருவார்.

இது சட்டவிரோதமா? பெரும்பாலும் இல்லை. லோன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் எங்கேயாவது, நிலுவை விழுந்தால் உங்களுடைய எந்தக் கணக்கிலிருந்தும் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். பிணையாளரின் பத்திரத்திலும் இருக்கும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும், தன்னிடம் வைப்பு வைத்திருப்பவரே தனக்குக் கடன்காரராகவும் இருந்தால் ஒன்றை மற்றதில் கழிக்கிற உரிமை வங்கிக்கு உண்டு. அது ஆங்கிலச் சட்டத்தின் பழைய வழக்கம். வங்கி விடயங்களில் இங்கிலாந்துச் சட்டமே இங்கேயும் செல்லும் என்று பிரித்தானியர் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதே நூற்றாண்டில்தான் கடன்பட்டவருக்கான கட்டளைச் சட்டமும் வந்தது. வங்கிக்கு வந்தது இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. கடன்பட்டவருக்கு வந்தது அலுமாரியில் கிடக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பெடுத்து அறவிடுவதாக இருந்தால்கூட சில எல்லைகள் உண்டு. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவில் கைப்பற்றக்கூடாத பொருட்களின் பட்டியல் இருக்கிறது. உடுதுணி, கட்டில், படுக்கை, தொழில் செய்கிற ஆயுதங்கள், கூலியாளின் கூலி. யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்துக்கு மனிதத்தன்மையான பட்டியல். ஒருவரிடமிருந்து அவர் படுக்கிற பாயையும் தொழில் செய்கிற சாமானையும் பறித்தால் அவர் திரும்ப எழும்பவே மாட்டார் என்று விளங்கிய யாரோ எழுதியது. ஆனால் அந்தப் பட்டியலில் வங்கிக் கணக்கு என்ற சொல்லே இல்லை. அன்றைக்குக் கூலி கையில் கிடைத்தது. இன்றைக்குக் கூலியும் கணக்குக்கு, அஸ்வெசுமவும் கணக்குக்கு, மகளின் மஹபொலவும் கணக்குக்கு. கணக்கில் விழுந்தவுடன் எல்லாம் ஒரே மீதி. அதில் எது கூலி, எது நிவாரணம் என்று கணினிக்குத் தெரியாது.

எல்லாக் கடனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஓர் இடம் இல்லாததால் நடப்பது என்ன? கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிற வங்கி முதலில் எடுக்கும். வாசலில் வந்து சத்தம் போடுகிறவர் அடுத்தது. லீசிங்காரர் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போவார். வட்டியே வாங்காமல் கைமாற்றுக் கொடுத்த மாமியின் மகனுக்கும், கொப்பியில் எழுதி எழுதி அரிசி கொடுத்த கடைக்காரருக்கும் கடைசியில் ஒன்றும் இல்லை. ஊரில் நல்லவனாக நடந்தவனுக்குத்தான் கூட நட்டம். வங்குரோத்துச் சட்டம் என்றால் கடன்பட்டவரைத் தப்பவிடுகிற சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்காரருக்கும் அது தேவைதான். எல்லாரும் வரிசையில் நில்லுங்கள், இருக்கிறதைப் பங்கிடுவோம் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

"நிவாரணம்தான் தந்தாங்களே" என்று ஒரு பதில் வரும். தந்தார்கள். 2018இல் நிதியமைச்சு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. புத்தளமும் அதில் ஒன்று. பதிவுசெய்த கம்பனிகளில் எடுத்து, அந்த வருஷம் ஜூன் 30இல் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையாக இருந்த கடன்களுக்கு அது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. அதில் பயனடைந்தவர்களுக்கு அது பெரிய விடயம்தான், அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அந்த நிவாரணம் பார்த்தது ஒரு கடனை. ராத்தாவை அது பார்க்கவில்லை. ஒருவருக்கு நாலு இடத்தில் நாலு கடன் இருந்து, ஒன்று மட்டும் நிபந்தனைக்குள் வந்தால், அது போகும், மிச்சம் மூன்று நிற்கும். நிபந்தனைக்குள் வருவதற்கு நிலுவை விழுந்திருக்க வேண்டும் என்பதால், சாப்பிடாமல் தவணை கட்டியவள் வெளியே. கொவிட் காலத்துச் சலுகைக்காலமும் இப்படித்தான். தவணை நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் 2021 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கியது ஏன் என்று இதிலிருந்தே விளங்கும்.

பெரிய கடன்காரர்களுக்கு வேறு கதை. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடுகிற பராட்டே முறை 1990இல் சட்டமானது. 2024இல் தொழில்முயற்சியாளர்கள் கத்தியதும் பாராளுமன்றம் அதைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்திவைத்தது. நல்லது. 50 லட்சத்துக்குக் குறைவான கடனுக்கு அந்த முறையைப் பாவிக்கவே ஏலாது என்ற விதியும் 2011இல் வந்தது. அதுவும் நல்லதுதான். அப்போ சின்னக் கடன்காரருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம் பாராளுமன்றத்துக்கு வராமல் இல்லை. அது காணிக்கும் கட்டடத்துக்கும் வந்தது, பாஸ்புக்குக்கு வரவில்லை.

வெளியில் எப்படி என்று பார்த்தால், இதை மற்ற நாடுகள் யோசித்து முடித்து வருஷக்கணக்காகிறது. ஜெர்மனியில் 2010 ஜூலை 1இலிருந்து "பி-கொன்டோ" என்று ஒரு முறை இருக்கிறது. அங்கே இருக்கிற நம்ம சனங்களைக் கேட்டால் தெரியும். யாராக இருந்தாலும் வங்கிக்குப் போய், என்னுடைய இந்தக் கணக்கைப் பாதுகாத்த கணக்காக மாற்று என்று கேட்கலாம், வங்கி மாட்டேன் என்று சொல்ல ஏலாது. ஆளுக்கு ஒரு கணக்குத்தான். அதற்குப் பிறகு எந்தக் கடன்காரர் கணக்கைக் கைப்பற்ற வந்தாலும், மாதம் ஒரு தொகை, இப்போது 1,500 யூரோவுக்கு மேல், தொட முடியாது. பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொகை கூடும். வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் எல்லாம் அதிலிருந்து போகும். வங்குரோத்து மனு அதுபாட்டுக்கு நடக்கும். பிரான்சிலும் கணக்கில் தொட முடியாத ஒரு மீதி உண்டு.

இங்கிலாந்தில் வங்குரோத்து உத்தரவு வந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவைப்பது வழக்கம். அதனால் அங்கே இலவசமாக ஆலோசனை சொல்கிறவர்கள் முதலில் சொல்வதே, மனுப்போட முன்னம் உங்களுக்குக் கடன் இல்லாத ஒரு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறங்கள் என்பதைத்தான். வங்குரோத்தானவருக்கும் அப்படிக் கணக்குக் கொடுக்க வேண்டிய கடமை பெரிய வங்கிகளுக்கு உண்டு. 2021 மே முதல் 60 நாள் "மூச்சுவிடும் காலம்" என்று ஒன்றும் இருக்கிறது, அந்த நாட்களில் கடன்காரர் நெருக்கக்கூடாது. சின்னக் கடன்காரருக்கு இருக்கிற கடன் நிவாரண உத்தரவுக்கு 90 பவுண் கட்டணம் இருந்தது, 2024 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். காசு இல்லை என்று சொல்ல வருபவரிடம் காசு கேட்பது விசர்த்தனம் என்று விளங்க அவர்களுக்கும் கொஞ்சக் காலம் எடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வங்குரோத்து மனுப்போட்ட ஒருவரின் கணக்கை, தனக்கு வரவேண்டியதைக் கணக்குப் பார்க்கும்வரை வங்கி தற்காலிகமாக மறித்துவைக்கலாமா என்று. 1995இல் மறிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சட்டம் எவ்வளவு விரிவாக இருந்தாலும் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பது அங்கேயும் ஆளை வீழ்த்தும். இந்தியாவும் நமக்கு முன்மாதிரி இல்லை. 2016இல் புதிய சட்டக்கோவை கொண்டுவந்தார்கள், கம்பனிகளுக்கான பகுதி ஓடுகிறது. சாதாரண ஆட்களுக்கான பகுதியில், கம்பனிக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு உரியதை மட்டும் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, சட்டம் வரும்போது வரட்டும், இப்போ கழுத்தில் கடன் இருக்கிற வீட்டுக்கு என்ன சொல்வது? இதை வாசிக்கிற உங்களில் பலர்தான் வீட்டில் வங்கிக்குப் போகிற ஆள், ஃபோர்ம் நிரப்புகிற ஆள். அதனால் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் காசோ சம்பளமோ அஸ்வெசுமவோ விழுகிற கணக்கும், லோன் இருக்கிற வங்கியும் வேறுவேறாக இருக்கட்டும். லோன் எடுத்தவருக்கு மட்டும் இல்லை, பிணை நின்றவருக்கும் இது பொருந்தும். கூட்டுக் கணக்கு என்றால், உங்கள் பங்கு எது மற்றவர் பங்கு எது என்று பிரித்துக் காட்டுவது கரைச்சல். இதைத் தவணை தவறுமுன்னமே செய்ய வேண்டும். இன்னொரு வங்கியில் கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை, ஒளித்துவைப்பதும் இல்லை.

ஒளித்துவைப்பது வேறு விடயம், அதைச் செய்யாதீர்கள். காசை மச்சானின் கணக்குக்கு மாற்றுவது, ஓட்டோவைத் தம்பி பெயருக்கு எழுதுவது, போட்டை வித்ததாகக் கடுதாசி செய்வது. ஊரில் இதற்கு ஐடியா சொல்ல ஆள் நிறைய. 1853ஆம் ஆண்டுச் சட்டமோ ஜெர்மன் சட்டமோ, வங்குரோத்தில் நீதிமன்றம் முதலில் தேடுவது இதைத்தான். பிடிபட்டால், நேர்மையாக விழுந்தவருக்குக் கிடைக்கக்கூடிய எல்லாத் தயவும் போய்விடும். மச்சானுக்குக் கடன் இருந்தால் அவருடைய வங்கி அதில் கைவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செக் புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். கடனைக் கட்டாமல் விடுவது சிவில் விவகாரம், அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடித்து அடைக்க ஏலாது. "பொலிஸுக்குச் சொல்லுவோம்" என்று வாசலில் நின்று மிரட்டினால் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதிக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம், ஒரு வருஷம் வரை சிறைக்குக்கூடப் போகலாம். "சும்மா பாதுகாப்புக்கு ஒரு செக் தாங்களேன்" என்று கேட்பவர் சும்மா கேட்பதில்லை. ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கடனுக்கு ஈடாகக் கொடுப்பதும் அதே மாதிரி. கணக்கு உங்கள் பெயரில், சாவி அவர் கையில்.

வங்கிக்குப் போய் வாயால் கெஞ்சுவதை விட ஒரு கடிதம் பெறுமதி. வருமானம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு, மாதம் இவ்வளவுதான் கட்ட ஏலும், தவணையை மாற்றித் தாருங்கள் என்று எழுதி, ஒரு பிரதியில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். கவுண்டரில் இருக்கிற மிஸ் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. கடன் தகவல் பணியகத்திலிருந்து, அதுதான் நாங்கள் "கிரிப்" என்று சொல்வது, உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். உங்கள் பெயரில் எங்கெங்கே என்னென்ன கடன், எதற்கெல்லாம் பிணை என்பது அதில் வரும். அதைப் பார்க்காமல் "எல்லாம் சேர்த்து ஒரு அஞ்சு லட்சம் இருக்கும்" என்று கதைப்பதில் அர்த்தமில்லை. வங்கியோ பதிவுசெய்த கம்பனியோ அத்துமீறினால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம். பதிவில்லாத வட்டிக்காரர் என்றால் அந்த இலக்கத்தால் பெரிய பிரயோசனம் இல்லை.

இவ்வளவும் செய்தாலும் கடன் போகாது. மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதைப் பற்றிக் கதைக்கும்போது பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. "வாங்கின கடனைக் குடுக்காம இருக்கப் பழக்குறியா?" கடன் ஓர் அமானிதம் என்று சொல்லி வளர்த்த வீடுகள் இவை. மையத்தை அடக்கமுன் "இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் சொல்லுங்கள்" என்று பள்ளியில் கேட்கிற ஊர். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன், அது போய்விடக்கூடாது. ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் கிழமைக்கடன் யாவாரமே நடக்கிறது. பத்துப் பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் கட்ட வேண்டும் என்றால், அங்கே ஈடாக வைப்பது அவர்களுடைய மானம்தான். கூச்சமே இல்லாத ஆளிடம் அந்த யாவாரம் ஒரு நாள் ஓடாது. எல்லாக் கணக்கையும் மேசையில் வைத்து, இருக்கிறதைக் கொடுத்து, மிச்சத்துக்கு ஒரு காலக்கெடுவும் ஒரு முடிவும் கேட்பவர், ராத்திரியோடு ராத்திரியாகப் போனை ஓஃப் பண்ணிவிட்டு வேறு ஊருக்குப் போகிறவரைவிடக் கடனை மதிக்கிறவர். இப்போது இருக்கிற ஏற்பாட்டில் இரண்டாமவருக்குத்தான் வழி திறந்திருக்கிறது.

கம்பனிகளோடு தனிநபர்களையும் சேர்த்துப் புதிய வங்குரோத்துச் சட்டமொன்று கொண்டுவருவது பற்றிய பேச்சு கொழும்பில் சில வருஷமாக நடக்கிறது. கம்பனிப் பகுதியைப் பற்றிக் கதைக்க வக்கீல்களும் வங்கிகளும் வர்த்தக சங்கங்களும் இருப்பார்கள். தனிநபர் பகுதியைப் பற்றிக் கதைக்க யார் இருப்பார்கள் என்று தெரியாது. மூன்று விடயத்தையாவது கேட்போம். ஆளுக்கு ஒரு கணக்கு, அதில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடத் தேவையான தொகை வரைக்கும், கடன் கொடுத்த அதே வங்கி உட்பட யாரும் தொடக்கூடாது. மனுப்போடக் கட்டணம் இருக்கக்கூடாது. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறாமல், புத்தளத்திலேயே, தமிழிலேயே அந்த மனுவைக் கொடுக்க ஏல வேண்டும். கணக்குக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு 2025இலிருந்து மாதம் 17,500 ரூபாய். அந்த எண்ணிலிருந்து பேரம் பேசத் தொடங்கலாம், மேல்நோக்கி.